நினைவகமும் வேகமும்

விடுதி நண்பர்கள் பலர் உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கணிப்பொறிக்குக் கிராபிக்ஸ் அட்டை வாங்குகின்றனர். ‘நினைவகம் எத்தனை கிகாபைட்?’ என்பதே கடையில் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி. நினைவகம் பெருகினால் ஆட்டத்தின் வேகமும் பெருகுமா?

ஆட்டத்தில் நாம் காணும் சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்கள் அட்டையின் நினைவகத்தில் தங்குகின்றன. நீளமும் அகலமும் 4096 புள்ளிகள் உடைய ஒரு படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், 64 மெகாபைட் இடம் கொள்ளும். கணக்கிடுவது சில்லு; நினைவகமோ களஞ்சியம். களஞ்சியம் பெரிது என்பதால் உலை விரைந்து கொதிப்பதில்லை.

2023இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ. அட்டையைக் காண்போம். 8 கிகாபைட், 16 கிகாபைட் என இருவகை. வெளியீட்டு விலையில் வேறுபாடு 100 டாலர். சில்லு ஒன்றே. நினைவகத்தின் வேகமும் நொடிக்கு 288 கிகாபைட் என ஒன்றே. ஆகவே, 8 கிகாபைட்டுக்குள் அடங்கும் ஆட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும்.

அளவு மிஞ்சினாலோ, மிஞ்சிய படங்களைக் கணிப்பொறியின் பொது நினைவகத்திலிருந்து கொணர வேண்டும். அவ்வழியின் வேகம் நொடிக்குச் சுமார் 16 கிகாபைட். பதினெட்டில் ஒரு பங்கு! நொடிக்கு 60 காட்சிகள் வேண்டுமெனில், ஒரு காட்சிக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடியே. படம் வந்துசேரும்வரை சில்லு காத்து நிற்கும். ஆட்டம் திக்கித் திணறும்.

எனவே, நண்பர்களே, திணறல் கண்டவுடன் புது அட்டைக்குப் பணம் தேடாதீர்கள். மேற்பரப்புப் படங்களின் தரத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். 4096 புள்ளியை 2048 ஆக்கினால் இடம் கால் பங்காகும். திணறல் நின்றால் குறை நினைவகத்தின் அளவில் உள்ளது; நிற்காவிடில் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். அளந்தறிந்தபின் செலவிடுவதே அறிவியல் கற்போர்க்கு அழகு.