டாங்கியின் வயிற்றைத் திறந்து பார்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சேர்த்து வைத்த பணத்தில் ரிமோட் டாங்கி வாங்கப் போகிறாய். சீனாவின் ஹெங் லாங்கை இப்போதே வாங்குவதா, இன்னும் பணம் சேர்த்து ஜப்பானின் டமியாவையே வாங்குவதா என்று கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் நாலைந்து மடங்கு விலை வித்தியாசம். கூடப் படிப்பவன், "காசுக்கேத்த தோசை" என்று சொல்லி டமியாவையே வாங்கச் சொன்னானாம். இந்த விஷயத்தில் அந்தப் பழமொழி பாதிதான் சரி. மலிவானதையே வாங்கு என்பதுதான் என் யோசனை. ஆனால் மலிவிலும் இரண்டு ரகம் உண்டு. திறந்து பார்த்துப் பழுது நீக்க முடிந்தது ஒரு ரகம். உடைந்தால் குப்பைக்குப் போவது இன்னொரு ரகம். விலைச்சீட்டைவிட இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

பொம்மைக் கடையில் கிடைக்கும் சின்ன டாங்கியின் ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார். குச்சியை லேசாகத் தள்ளினாலும் முழு வேகம், விட்டால் சடாரென்று நிற்கும். நடுவில் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போனால் மாற்றுப் போர்டு எங்கும் கிடைக்காது. 1/16 அளவில் வரும் ஹெங் லாங் வேறு உலகம். குச்சியை எவ்வளவு தள்ளுகிறாயோ அவ்வளவு வேகம் வரும். மோட்டார், கியர்பாக்ஸ், செயின், போர்டு, ஒவ்வொரு சக்கரம் என எல்லாமே தனித்தனியாக விற்கிறார்கள். அவர்கள் மட்டுமல்ல, டைகென், மாட்டோ போன்ற வேறு கம்பெனிகளும் இதே டாங்கிக்குப் பொருந்தும் இரும்புப் பாகங்கள் செய்கின்றன. உன் பணத்துக்கு உண்மையான காப்பீடு இதுதான்.

1/16 என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்; உனக்குக் கணக்கு பிடிக்கும். ஜெர்மனியின் டைகர் டாங்கி குழலோடு 8.45 மீட்டர் நீளம், சுமார் 3.7 மீட்டர் அகலம். பதினாறால் வகுத்தால் மாடல் 53 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம். மேஜையில் வைத்தால் பாதி மேஜை போய்விடும். அதன் பீரங்கி 88 மி.மீ.; மாடலில் ஐந்தரை மி.மீ. வர வேண்டும். ஹெங் லாங் சுடும் பிளாஸ்டிக் குண்டு 6 மி.மீ. என்பதால் குழலின் துளை ஏறத்தாழ அசல் விகிதத்திலேயே இருக்கிறது. இதுவரை எல்லாம் சரி. எடையில்தான் கணக்கு இடிக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறில் ஒன்றாகச் சுருங்கினால் எடை 4,096-ல் ஒன்றாகச் சுருங்க வேண்டும். அசல் டைகர் 57 டன். மாடல் கிட்டத்தட்ட 14 கிலோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டைகர் 4 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். உடலும் செயினும் உலோகமான டைகென் மாடல்கூட ஆறேழு கிலோவைச் சுற்றித்தான். அதனால்தான் மலிவான டாங்கி ஒரு கூழாங்கல்லின் மீது ஏறினால் துள்ளிக் குதிக்கிறது. கனமானது அதே கல்லின் மீது மெல்ல ஏறி, மூக்கைத் தாழ்த்தி இறங்குகிறது. பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் எது டாங்கி, எது பொம்மை என்று கண் சொல்லிவிடும். கூடுதல் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கனத்துக்குத்தான் கொடுக்கிறார்கள்.

இனி, நீ மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். டாங்கியைத் தலைகீழாகத் துணி மேல் வைத்து, அடியில் இருக்கும் திருகாணிகளைக் கழற்று. மேல் கூட்டை வெடுக்கென்று தூக்காதே. சுழலும் கோபுரத்துக்கும் ஸ்பீக்கருக்கும் போகும் ஒயர்கள் உள்ளே கீழ்க்கூட்டோடு பிணைந்திருக்கும். மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தால் வயிறு தெரியும். இடமும் வலமும் பக்கத்துக்கொரு மோட்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கியர்பாக்ஸ், நடுவில் போர்டு, புகை விடும் சின்ன டப்பா. மலிவு வகையில் கியர்பாக்ஸின் பல்சக்கரங்கள் பிளாஸ்டிக். டாங்கி நேராகப் போகும்போது அவற்றுக்குக் கஷ்டமே இல்லை. நின்ற இடத்தில் திரும்பும்போதுதான் ஆபத்து. ஒரு செயின் முன்னே, மறு செயின் பின்னே இழுக்க, இரண்டும் தரையைப் பக்கவாட்டில் அறுத்துக்கொண்டு நகர வேண்டும். சிமெண்டுத் தரையில் பரவாயில்லை. கம்பளத்திலோ மண்ணிலோ அந்தப் பளு முழுவதும் கடைசிப் பல்சக்கரத்தின் ஒன்றிரண்டு பற்களில் வந்து விழும். "கடகட"வென்று ஒரு சத்தம் வரும், ஒரு பக்கச் செயின் நின்றுவிடும், டாங்கி ஒரே பக்கமாகச் சுற்றும். பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எனவே விற்பவரிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கியர்பாக்ஸ் ஸ்டீலா?" என்பது. ஹெங் லாங்கையே பேசிக், அப்கிரேட், ப்ரோ என்று பல பெயர்களில் விற்கிறார்கள். விற்பவருக்கு விற்பவர் அந்தப் பெயர்களின் பொருள் மாறும். பெயரை நம்பாமல் பாகத்தைக் கேள். ஸ்டீல் கியர்பாக்ஸும் பிளாஸ்டிக் செயினும் உள்ளது உனக்குப் போதும். பிளாஸ்டிக் செயினா என்று முகம் சுளிக்காதே. ஆரம்பிப்பவர்களில் பலர் முதலில் வாங்குவது பளபளக்கும் உலோகச் செயினைத்தான், ஏனென்றால் அது வெளியே தெரிகிறது. அந்தக் கனத்தைப் பிளாஸ்டிக் கியர்பாக்ஸ் தாங்காது. கியர்பாக்ஸ் தாங்கினாலும், செயினைப் பற்றி இழுக்கும் பிளாஸ்டிக் ஸ்பிராக்கெட்டின் பற்களை உலோகக் கண்ணி அரம் போல அராவித் தின்றுவிடும். உலோகச் செயின் வேண்டுமென்றால் முதலில் கியர்பாக்ஸை மாற்று, பிறகு ஸ்பிராக்கெட், எதிர்முனையில் செயினை இழுத்துப் பிடிக்கும் சக்கரம், செயின் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்று. இந்த வரிசையைப் புரட்டினால் காசு இரண்டு முறை போகும். உலோகம் என்றாலே உயர்வு என்ற எண்ணத்தையும் விட்டுவிடு. அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் டமியா டைகரின் செயினும் பிளாஸ்டிக் கண்ணிகளால் ஆனதுதான்.

பிறகு டமியாவின் விலை எதற்கு? 1946-இல் ஷிசுவோகாவில் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கிய கம்பெனி அது. மர மாடல்கள் செய்து, பிளாஸ்டிக்குக்கு வந்து, இன்று மாடல் உலகில் அதற்கென்று ஒரு தனி மரியாதை இருக்கிறது. அந்த மரியாதை நியாயமானது. 1/16 டமியா பெட்டியில் டாங்கி இருக்காது. டாங்கி ஆகப் போகும் பாகங்கள்தான் இருக்கும். கியர்பாக்ஸைக்கூட நீதான் பல்சக்கரம் பல்சக்கரமாகக் கோத்து, கிரீஸ் தடவி மூட வேண்டும். கூட வரும் செய்முறைப் புத்தகம் ஒரு நல்ல ஆசிரியர் மாதிரி. எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு என்பதில் சந்தேகமே வராது. எல்லா வசதியும் உள்ள மாடலில் பீரங்கி சுட்டால் வாயில் மின்னல் வெட்டும், குழல் பின்னே இழுத்து முன்னே வரும், அதே நொடியில் டாங்கியின் உடலே ஒரு உதறு உதறும். அந்த உதறலை முதல் தடவை பார்க்கிறவர்கள் அனிச்சையாக ஒரு அடி பின்வாங்குவார்கள். அது குண்டு எதுவும் சுடுவதில்லை. சண்டை எல்லாம் அகச்சிவப்புக் கதிரில்தான். அடி வாங்க வாங்க டாங்கி மெதுவாகிக்கொண்டே போகும். இன்னொன்றையும் கவனி: ரிமோட், பேட்டரி, சார்ஜர் மூன்றையும் பொதுவாகத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பெட்டியின் விலையை மட்டும் பார்த்து உண்டியலை உடைத்தால் டாங்கி அலமாரியில்தான் நிற்கும்.

டமியாவுக்குக் கொடுக்கும் பணம் கட்டுகிற அனுபவத்துக்கும், ஓட்டத்தின் நயத்துக்கும், கச்சிதத்துக்கும். இவற்றின் அருமை, ஒரு கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டிய கைக்குத்தான் தெரியும். அதனால்தான் இப்போது வேண்டாம் என்கிறேன். இதற்கும் மேலே இங்கிலாந்தின் ஆர்மார்டெக் மாதிரி 1/6 அளவில் முழு உலோகத்தில் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தூக்க ஒரு ஆள் போதாது. அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாதே.

காசே இல்லாமல் மலிவு டாங்கியை உயர்த்தும் வழி ஒன்று உண்டு: ஓட்டும் விதம். டைகரின் சாலை வேகம் மணிக்கு 40 கி.மீ. அளவுதான். பதினாறால் வகுத்தால் விநாடிக்கு 70 செ.மீ.; வயலிலும் சேற்றிலும் அதில் பாதி. நீ ஓட்டும்போது டாங்கி தன் நீளத்தைக் கடக்க முக்கால் விநாடியாவது ஆக வேண்டும். கியர்பாக்ஸ் வாங்கும்போது 3:1, 4:1 என்று எண்கள் போட்டிருப்பார்கள். எண் பெரிதானால் வேகம் குறைந்து இழுவை கூடும். கனமான டாங்கிக்கு 4:1 தான் எனக்குப் பிடித்தது. இன்னொன்று: மாடல்கள் எல்லாமே நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றும். அசல் டைகரால் அது முடியும். அமெரிக்காவின் ஷெர்மனால் முடியாது, அதன் திருப்பும் அமைப்பு அப்படி. ஷெர்மன் மாடல் வைத்திருப்பவர் வளைந்து வளைந்து திருப்பினால் அவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வேன். அப்படித் திருப்பினால் பல்சக்கரத்துக்கும் நல்லது.

எந்த டாங்கி என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எல்லோரும் டைகரில்தான் தொடங்குகிறார்கள். அதன் சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடுக்கடுக்காக இருக்கும். உள்வரிசைச் சக்கரம் ஒன்றைக் கழற்ற வெளிவரிசையைக் கழற்றியாக வேண்டும். அசல் டைகரில் சேறும் கல்லும் அந்த இடுக்கில் புகுந்து படையினரைப் பாடாய்ப் படுத்தின. மாடலிலும் தென்னை நாரும் தலைமுடியும் அங்கேதான் சுற்றிக்கொள்ளும். முதல் டாங்கிக்கு எளிய சக்கர அமைப்பு உள்ளதாக எடு. ஹெங் லாங் டி-72, டி-90 இரண்டையும் செய்கிறது. பக்கத்துக்கு ஆறு சக்கரம், ஒரே வரிசை, எல்லாம் கைக்கு எட்டும். உன் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் ஆவடி. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் 1965 முதல் விஜயந்தாவும், பிறகு டி-72 அஜேயாவும், டி-90 பீஷ்மாவும் உருவாயின. மாடல் ரஷ்யத் தோற்றத்தில்தான் வரும். அதை அஜேயாவாகவோ பீஷ்மாவாகவோ வண்ணம் தீட்டி மாற்றுவது உனக்கு ஒரு நல்ல விடுமுறை வேலை. பெட்டியிலிருந்து வரும் பிளாஸ்டிக் மினுமினுப்பின் மேல் மேட் வார்னிஷ் அடித்து, பழுப்பு ஆயில் பெயிண்டை நீர்க்கக் கரைத்து மூலைகளில் ஓடவிட்டு, காய்வதற்குள் துணியால் மேல்பரப்பை மட்டும் துடை. சில நூறு ரூபாயில் தோற்றம் அடியோடு மாறிவிடும்.

வெளிநாட்டிலிருந்து நேரே தருவிக்கும் எண்ணம் இருந்தால் அப்பாவிடம் பேசிவிட்டுச் செய். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். உன் டாங்கியை அதிகாரி எந்தக் கணக்கில் எழுதுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. லித்தியம் பேட்டரியைக் கூரியரில் அனுப்பவும் கட்டுப்பாடு உண்டு. இங்கேயே இருப்பு வைத்து, ரசீது கொடுத்து விற்பவரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. அவரிடம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி, "ஸ்பேர் வைத்திருக்கிறீர்களா?" என்பது. டாங்கியோடு சேர்த்தே ஒரு ஜோடி ஸ்பிராக்கெட், கொஞ்சம் செயின் கண்ணி, கண்ணிகளைக் கோக்கும் ஊசி வாங்கிவிடு. போர்டு 6.0-ஆ, 7.0-ஆ என்பதையும் குறித்து வை. பின்னாளில் ரிமோட் தொலைந்தால் அதற்குப் பொருந்துவதைத்தான் வாங்க முடியும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் என் பேச்சைத் தட்டாதே. 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. மெத்தை மேலும் துணி மேலும் வைக்கக் கூடாது. உப்பியிருந்தால் அதை மறுபடி தொடவே கூடாது. 6 மி.மீ. குண்டு தோலில் பட்டால் சுருக்கென்று வலிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். தங்கை இருக்கும் அறையில் குண்டு நிரப்பாதே. சுடும்போது நீயும் கண்ணாடி போட்டுக்கொள். கடற்கரை மணலில் ஓட்ட ஆசை வரும்; வேண்டாம். அந்த மணல் திறந்த பல்சக்கரங்களில் போய் உட்கார்ந்தால் ஸ்டீலையும் அரைத்துவிடும், உப்பு போர்டைத் தின்றுவிடும். மொட்டை மாடியில் செங்கல்லும் செம்மண்ணும் கொட்டி ஒரு களம் செய்துகொள், அம்மாவிடம் கேட்டுவிட்டு.

விற்பவர் அனுப்பும் படங்களில், அடிப்பக்கம் திறந்து கியர்பாக்ஸ் தெரிகிற மாதிரி ஒன்று கேட்டு வாங்கு. பணம் கட்டுவதற்கு முன்னால் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா