அம்மாவுக்கு நாற்காலி வேண்டாம்

அன்பு மருமகளுக்கு,

போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள எட்டு வயதுப் பையனை மே மாத முகாமில் சேர்த்துக்கொள்வீர்களா என்று அவன் அம்மா வந்து கேட்டதாகவும், ‘நீங்களும் கூடவே இருந்து பார்த்துக்கொள்வதானால் சரி’ என்று உங்கள் குழு முடிவு செய்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். நல்ல மனசோடு செய்த முடிவுதான். ஆனாலும் அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள். ஹாலில் அந்த அம்மாவுக்கு நாற்காலி போடாதீர்கள்.

பள்ளி நடக்கும் மாதங்களில் அவளுக்குப் பகலில் கொஞ்ச நேரமாவது கிடைக்கும். மே மாதத்தில் அதுவும் போய்விடும். அக்னி நட்சத்திர வெயிலில் வெளியே கூட்டிப்போக முடியாது. தினசரி வழக்கம் கலைந்த பிள்ளை வீட்டுக்குள் தவிப்பான், அவளும் சேர்ந்து தவிப்பாள். நீங்கள் நடத்தும் முகாம் அவளுக்கும் ஓய்வாக இருக்க வேண்டாமா? பையன் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் இருக்கிறது. அம்மா பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் மற்றப் பிள்ளைகள் நெருங்குவதில்லை. ஆசிரியர்கூட அவனிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம்தான் சொல்வார். பத்து நாள் முடிந்து அவன் வீட்டுக்குப் போகும்போது ஒரு பிள்ளையின் பெயரும் அவனுக்குத் தெரிந்திருக்காது. சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் இப்படிச் ‘சேர்க்கப்பட்டு’ தனியே இருந்துவிட்டு வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்தேன்.

அம்மா இல்லையென்றால் அவனை நீங்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை அங்கேதான் இருக்கிறது.

குழுவில் யாராவது ‘இது நம்ம பொறுப்பா’ என்று கேட்டால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொல். 21 வகைக் குறைபாடுகளை அது பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் மட்டுமல்ல, விளையாட்டும் பொழுதுபோக்கும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையும் விளையாட்டைப் பிள்ளைகளின் உரிமையாகவே வைத்திருக்கிறது. நம் தெருவிலுள்ள பிள்ளைகளுக்காக நீங்களே நடத்தும் முகாமுக்குச் சட்டம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வக்கீல் வைத்துப் பேச வேண்டியதில்லை. நாடே ஒத்துக்கொண்டதை நம் தெரு ஒத்துக்கொள்ளாதா?

இப்படிப்பட்ட பிள்ளைகளில் இவன்தான் முதல் ஆள் என்றும் நினைக்காதே. இந்தியாவில் ஐந்து இடங்களில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதோ ஒரு சிரமம் இருப்பதாகக் கண்டது. காது கேட்பதில் குறை, வலிப்பு போன்றவையும் அந்தக் கணக்கில் சேரும். உங்களிடம் வரும் பிள்ளைகளிலேயே, வாசிக்கச் சொன்னதும் ‘பாத்ரூம் போகணும்’ என்று எழுந்து போகிறானே ஒருவன், ‘அடங்காத கழுதை’ என்று கடைசி வரிசைக்கு அனுப்பினீர்களே ஒருத்தியை, அவர்களை நினைத்துப் பார். அந்தப் பையனுக்காகச் செய்யும் மாற்றம் அவர்களுக்கும் போய்ச் சேரும்.

முதலில் சத்தம். நம் ஊரில் முகாம் என்றாலே மைக்தான். சர்ச்சில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடந்தாலும் ஊர்க்காரர்கள் நடத்தும் முகாமானாலும் கீபோர்டு, டிரம், ஆக்‌ஷன் பாட்டு, நடுவில் பி.டி. சார் விசில். அதோடு கச்சான் காற்றில் படபடக்கும் தகரக் கூரை. நமக்கு உற்சாகமாக இருப்பது அவன் காதுக்குள் வலியாகவே இறங்கலாம். காதைப் பொத்திக்கொண்டு அலறினால் அது அடமில்லை, தாங்க முடியவில்லை என்று அர்த்தம். அறுபது பிள்ளைகள் இருக்கும் மூடிய ஹாலில் மைக் எதற்கு? நிறுத்திவிடுங்கள். விசிலுக்குப் பதில் கையைத் தூக்குங்கள், ஒரு வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் பழகிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு சின்ன அறையை ஒழித்து, பாயும் தண்ணீரும் வைத்து, யார் வேண்டுமானாலும் போய்க் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று முதல் நாளே அறிவியுங்கள். ஒரே ஒரு முறை அதைத் தண்டனைக்குப் பயன்படுத்தினாலும் அந்த அறை கெட்டுப்போகும், கவனம்.

அடுத்து, என்ன நடக்கப்போகிறது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முகாமுக்கு முன்னால் ஆளில்லாத ஒரு நாளில் அவனை வரவழைத்து ஹாலையும் கழிப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் காட்டு. பாட்டு, கதை, தின்பண்டம், விளையாட்டு, வீடு என்று படம் வரைந்து அட்டைகளாகச் சுவரில் வரிசையாக மாட்டுங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் அந்த அட்டையை அவனே திருப்பிவைக்கட்டும். நிகழ்ச்சியை மாற்ற வேண்டி வந்தால் அட்டையையும் மாற்றுங்கள். தின்பண்டத்தில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். எல்லாரும் மக்ரூன் தின்னும்போது அவன் வீட்டு டப்பாவில் கொண்டுவந்த ஒரே வகை பிஸ்கட்டைத் தின்றால் என்ன குறைந்துவிடும்?

அவனுக்கென்று ஓர் ஆள் வேண்டும், பொறுமையுள்ள கல்லூரிப் பிள்ளையாக. நம் தூத்துக்குடிக் கடலில் 1961-உடன் முத்துக்குளிப்பு நின்றுபோனாலும் அந்தக் கதைகளைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். ஒருவர் கல்லைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போவார், தோணியில் இன்னொருவர் கயிறு பிடித்திருப்பார். மச்சானை நம்பித்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்பார்கள். மேலே இருப்பவர் தானாகக் கயிற்றை இழுக்கக் கூடாது, கீழே அசைத்தால் ஒரு நொடி தாமதிக்கவும் கூடாது. நீ தேர்ந்தெடுக்கும் ஆளும் அப்படித்தான் இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் இவனுக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்கக் கூடாது, இவனுக்காக எல்லாவற்றையும் தானே செய்துகொடுக்கவும் கூடாது. அதே சமயம் ‘போதும்’ என்று இவன் எப்படிக் காட்டுவான் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிலர் சட்டை நுனியைக் கடிப்பார்கள், சிலர் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதை அம்மாவிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள். பத்து நாளும் அதே ஆள் வர வேண்டும். மாற்று ஆளையும் முதல் நாளே பழக்கிவிடு.

கடற்கரைக்குக் கூட்டிப்போகும் நாளைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் நாலு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது சொல்லாமல் வெளியேறப் பார்த்திருக்கிறார்கள் என்று 2012-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. 2017-இல் வந்த இன்னொன்று, 14 வயது வரையுள்ள இந்தப் பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்றது. தண்ணீர் இவர்களில் பலரை இழுக்கும். கடலை ஒட்டிய நம் தெருக்களில் இதைச் சும்மா விட முடியாது. ஹாலுக்கு ஒரே வாசலைத் திறந்துவைத்து அங்கே பெரியவர் ஒருவரை நிறுத்துங்கள். முத்துநகர் கடற்கரைக்குப் போவதானால் கூட்டமில்லாத விடியற்காலையில் போங்கள், அவன் கை எட்டும் தூரத்தில் எப்போதும் ஒருவர் இருக்கட்டும். பயந்து அவனை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கலிபோர்னியாவில் பாஸ்கோவிட்ஸ் என்ற அலைச்சறுக்கு வீரர், ஆட்டிசம் உள்ள தன் மகன் பலகையில் உட்கார்ந்து அலையில் போகும்போது அமைதியாவதைப் பார்த்து, 1996-இல் ‘சர்ஃபர்ஸ் ஹீலிங்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆட்டிசம் உள்ள எத்தனையோ பிள்ளைகளை அது கடலுக்குள் கூட்டிப்போயிருக்கிறது. நம் பையன்களுக்கும் நீச்சல்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பேன். கடலில் வளர்ந்த மாமாக்களும் அண்ணன்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்களே.

மற்றப் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் வேண்டாம். ‘இவனுக்குச் சத்தம் பிடிக்காது, தொட்டால் பிடிக்காது, கப்பல்களைப் பற்றிக் கேட்டால் நிறையச் சொல்வான்’ என்று உண்மையைச் சொன்னால் போதும். (கப்பலுக்குப் பதில் அவனுக்கு எது உயிரோ அதைச் சொல்.) பாவம் என்ற வார்த்தையை யாரும் எடுக்கக் கூடாது. கடைசி நாள் நிகழ்ச்சியில் அவனை மேடையேற்றிக் கைதட்டு வாங்கவும் வேண்டாம். அவனாக ஏற விரும்பினால் ஏறட்டும், திரை இழுக்கும் வேலை பிடித்தால் அதைக் கொடு. அம்மாவைக் கேட்காமல் அவன் படத்தை வாட்ஸ்அப்பில் போடாதே.

ஜூனில் பள்ளி திறந்ததும், சாயங்காலங்களில் அவன் எங்கே போவான் என்ற கேள்வி வரும். டியூஷன் மையங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியபோது எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில், தெரிந்த அக்கா ஒருத்தி, கொஞ்சம் பிள்ளைகள், தேர்வு கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்க்கவில்லை. உன் குழுவில் இரண்டு பேர் வாரத்தில் சில நாள் அதே மாதிரி உட்கார முடியுமா என்று யோசி. முகாமில் பழகிய முகங்கள் ஜூனில் திடீரென்று காணாமல் போனால் அவனுக்கு அது பெரிய இழப்பு.

இதெல்லாம் மே முதல் வாரத்துக்குள் நடக்க வேண்டும், அதனால் தள்ளிப்போடாதே. அந்த அம்மா உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பாள். குழுவைக் கூட்டுவதற்கு முன்னால் இன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போ. என்ன நோய், எந்த டாக்டர் என்று ஆரம்பிக்காதே. பையனுக்கு எது பிடிக்கும் என்று கேட்டு, அவள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு வா. அதை எனக்கு அனுப்பு, அட்டைகளை நான் வரைந்து தருகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை