இரு கண்களும் பன்னிரு கைகளும்

குற்றம் புரிந்தவனை அவன் புரிந்த குற்றமாகவே காண்பது உலக வழக்கு. குற்றத்தை வேறாகவும் உயிரை வேறாகவும் பகுத்துக் காண்பது அறநூல் வழக்கு. இவ்விரண்டு பார்வைகளின் வேறுபாட்டை எளியோர்க்கும் விளங்கக் காட்டிய பழைய இந்தித் திரைப்படம் ஒன்றை இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

1957-ஆம் ஆண்டில் வி. சாந்தாராம் இயக்கி, தாமே நடித்த 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' என்பது அப்படம். இரு கண்கள், பன்னிரு கைகள் என்பது பெயரின் பொருள். 1958-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்றது. 1975-இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் 'பல்லாண்டு வாழ்க' எனத் தமிழில் வெளிவந்தமையால் கதையை நம் வாசகர் பலரும் அறிவர்.

கதையும் அதன் வேரும்

கொலைக்குற்றத்திற்குத் தண்டனை பெற்ற அறுவரைச் சிறையதிகாரி ஒருவர் தம் பொறுப்பில் வெளியே அழைத்துச் சென்று, பாழ்பட்ட பண்ணை ஒன்றைத் திருத்தச் செய்கிறார். அங்கு மதிலில்லை, அவருடைய இரு கண்களே காவல். பன்னிரு கைகள் உழைக்க, நிலம் விளைகிறது. விளைபொருள் சந்தைக்கு வருகிறது. அச்சந்தையைத் தன் பிடியில் வைத்திருப்பவனுக்கு இப்போட்டி பொறுக்கவில்லை. அவன் ஆட்கள் செய்த கொடுமையைத் தடுக்க முனைந்த அதிகாரி உயிர் துறக்கிறார்.

அந்த அதிகாரியின் பெயர் ஆதிநாத். உழவு முதலிய தொழில்களை மக்களுக்குக் கற்பித்த முதல் தீர்த்தங்கரரின் திருப்பெயர் கதைக்கு எத்துணைப் பொருந்துகிறது!

இஃது முழுவதும் கற்பனையன்று. நாடு விடுதலை பெறுமுன், இன்றைய மகாராஷ்டிரத்திலிருந்த அவுந்து சமஸ்தானத்தில், சுதந்திரபூர் என்னுமிடத்தில் கைதிகளைக் குடியமர்த்தி வேளாண்மை செய்வித்த திறந்தவெளிச் சிறையே இதற்கு வித்து. அம்முயற்சியில் முன்நின்ற மாரிஸ் பிரிட்மன், போலந்து நாட்டினர், காந்தியடிகளின் வழிநின்றவர், திருவண்ணாமலை ரமணாசிரமத்தோடும் தொடர்புடையவர்.

நூல் வழி நோக்கு

வினை வந்து சேர்வது ஊற்று. அவ்வரவைத் தடுப்பது செறிப்பு. முன் சேர்ந்ததைக் கழிப்பது உதிர்ப்பு. சிறைச்சுவர் தடுப்பது உடலை மட்டுமே. உள்ளே பகை வளருமாயின் ஊற்று நிற்கவில்லை என்பதே பொருள். ஆதிநாத்தின் கண்கள் அறுவரின் உள்ளத்திலேயே குடியேறிவிடுகின்றன. பிறர் காவல் தன் காவலாக மாறும் அவ்விடத்தைச் செறிப்புக்கு உவமையாகக் கொள்ளலாம். வியர்வை சிந்தி உழைத்தது உதிர்ப்புக்கு உவமை.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவதாகிய ஐயமின்மைக்கு நம் ஆசிரியர்கள் காட்டும் சான்று யார்? அரசரோ முனிவரோ அல்லர். அஞ்சனன் என்னும் கள்வன். காவலர் துரத்த ஓடிய அவன், ஜினதத்தன் என்னும் வணிகர் உரைத்த மந்திரத்தை ஐயமின்றிப் பற்றிக் கரையேறினான். கள்வனாயினும் ஒரு வணிகரின் சொல் பொய்யாகாது என்று நம்பினான். அங்கே வணிகர் ஒருவரின் வாய்மை ஒருவனைக் கரையேற்றியது. படத்திலோ சந்தைக்காரன் ஒருவனின் பேராசை ஓர் உயிரைப் பறித்தது. வணிகத்தால் வாழும் நாம் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

நம் வாயிலில்

சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே இருந்த பழைய மத்தியச் சிறை 2006-இல் புழலுக்கு இடம் மாறியது. ஆதிநாதரின் தொன்மையான ஆலயம் அமைந்ததும் அதே புழலில்தான். 2023-இல் தண்டனை பெற்ற பெண்களே பணிபுரியும் பெட்ரோல் நிலையமும் அங்குத் திறக்கப்பட்டது. பணம் புழங்கும் இடத்தில் அவர்களை நிறுத்த அரசு துணிந்தது.

நாம் துணிகின்றோமா? விடுதலையான ஒருவன் ராயபுரத்துக் கிடங்கிலோ, திருவொற்றியூர் இரும்புக் கடையிலோ, எண்ணூர் லாரி செட்டிலோ வேலை கேட்டு வருகிறான். பழைய வழக்கைக் கேட்டதும் கதவு மூடுகிறது. கதவுகள் அனைத்தும் மூடினால் அவனுக்காகத் திறந்திருப்பது பழைய கூட்டாளியின் வீடு ஒன்றே. அடுத்த குற்றத்தில் மூடிய கதவுக்கும் பங்குண்டு.

'கல்லாப் பெட்டிக்கு யார் பொறுப்பு? மற்றப் பணியாளர் அஞ்சமாட்டார்களா?' என்று கேட்பது நியாயமே. ஆதிநாத்தும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. கண் திறந்து நம்பினார். முதலில் உடலுழைப்பு, பின்னர் சிறு பொறுப்பு, அதன்பின் பெரும்பொறுப்பு எனப் படிப்படியாக ஏற்றலாம். ஆனால் கூலியில் முதல்நாள் தொட்டே குறை வைத்தல் ஆகாது. ஒருவன் கதியின்மையைக் கொண்டு அவன் உழைப்பை மலிவாக வாங்குவதும் ஒருவகைக் களவே. இழப்புற்ற குடும்பத்தின் துயரை மறப்பதும் பொறுமை ஆகாது. தண்டனை சட்டத்தின் கடமை. அது முடிந்தபின் நிலைதளர்ந்தவனை மீண்டும் அறத்தில் நிறுத்துதல், எட்டு உறுப்புகளுள் ஒன்றாக நமக்கு விதிக்கப்பட்ட கடமை.

சிந்திக்க

1. ஆதிநாத்தின் கண்கள் காவலா, கருணையா?
2. அஞ்சனன் இன்று நம் கடைக்கு வந்தால் ஜினதத்தனைக் காண்பானா, சந்தைக்காரனைக் காண்பானா?
3. நம் தொழிலிடத்தில் அத்தகைய ஒருவருக்கு முதல் மாதம் தரத்தக்க வேலை யாது?

மூன்றாம் வினாவுக்கு விடையை இல்லத்தாரோடும் பங்காளிகளோடும் கூடியமர்ந்து காணுமாறு வேண்டுகிறோம்.