குறுந்தகட்டுப் பாடங்களைப் பிசகின்றிப் பிரித்தெடுத்தல்

கேட்டல் பயிற்சிக்கு ஒலிக்குறுந்தகட்டைக் கணினியில் சேமிக்கிறோம். அப்போது 'பல்லி' என்னும் சொல்லின் தொடக்க ஒலி அறுபட்டால், குழந்தை 'அல்லி' என்றே எழுதும். பிழை குழந்தையுடையதன்று, நாம் வெட்டிய இடத்தினுடையது.

தகட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் இடம் அதில் நிமிடம், நொடி, சட்டகம் எனப் பதிவாகியிருக்கும். ஒரு நொடிக்கு 75 சட்டகங்கள். சட்டகத்துக்கு 588 ஒலி மாதிரிகள். பெருக்கினால் நொடிக்கு 44,100. இதை வகுப்பில் கணக்காகவும் தரலாம்.

1. முழுத் தகட்டையும் ஒரே கோப்பாகப் பதிந்து, காதால் கேட்டு வெட்ட வேண்டாம். அட்டவணையைப் படித்துப் பிரிக்கும் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற மென்பொருளைப் பயன்படுத்துக.

2. சிடி டிரைவ்கள் பலவும் சில நூறு மாதிரிகள் வரை முன்பின்னாகப் படிக்கும். நம் டிரைவின் மாடலுக்குரிய திருத்த எண்ணை மென்பொருளில் அமைக்க.

3. முதலில் வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் சேமிக்க. எம்பி3 ஆக மாற்றும்போது கோப்பின் இரு முனைகளிலும் சிறு அமைதி சேரும். தொடர்ந்து ஒலிக்கும் பாடல் இடையில் துண்டுபட்டுக் கேட்கும்.

ஒவ்வொரு கோப்பின் முதல் இரண்டு நொடிகளையும் ஹெட்போனில் கேட்ட பின்னரே வகுப்புக்குக் கொண்டு செல்வோம்.