பாத எலும்பில் விரிசல்: அல்ட்ராசவுண்ட் என்ன காட்டும்?



தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் நம் பையன்களில் பலர் தேசிய சேவையிலும் இருக்கிறார்கள். ராணுவப் பயிற்சியில் 24 கிலோமீட்டர் நடை. பிறகு சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை, தோளில் பாரத்தோடு வெறுங்கால் நடை. "லேசா வலிக்குதுண்ணே, சரியாப் போயிடும்" என்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "வலிக்கிற இடத்தை ஒரு விரலால தொட்டுக் காட்ட முடியுமா?" முடியும் என்றால், எலும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இது பழைய நோய். 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்குவதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே வந்த பிறகு, 1897இல்தான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது.

எலும்பு தினமும் சிறிது தேயும், தானே சரிசெய்துகொள்ளும். திடீரென்று நடையையோ பாரத்தையோ கூட்டினால் தேய்மானம் முந்திவிடும். பாதத்தில் அதிகம் பாதிக்கப்படுவது இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்புகள்.

சிக்கல் என்னவென்றால், முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "எக்ஸ்ரே நல்லா இருக்கு" என்று திரும்பவும் ஓடப் போகிறோம், விரிசல் பெரிதாகிறது.

இங்கேதான் அல்ட்ராசவுண்ட் உதவும். ஒலி எலும்புக்குள் போகாது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும். ஆனால் இந்த எலும்புகள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் மேற்பரப்பு தெளிவாகத் தெரியும். எலும்பைச் சுற்றிய உறை தடித்திருப்பது, நீர் கோத்திருப்பது, மேல் கோட்டில் சின்ன உடைவு, டாப்ளரில் கூடுதல் ரத்த ஓட்டம், இவையே அடையாளங்கள். கதிர்வீச்சு கிடையாது.

2009இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 37 நோயாளிகளைப் பார்த்தார்கள். எம்ஆர்ஐ காட்டிய விரிசல்களில் 83 விழுக்காட்டை அல்ட்ராசவுண்டும் காட்டியது. அப்படியானால் சில தப்பவும் செய்யும். பாதத்தின் நடுவில் ஆழத்தில் இருக்கும் எலும்புகளுக்கு எம்ஆர்ஐதான் நம்பகமானது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை:

1. நடக்க நடக்க வலி கூடினால் நிறுத்துங்கள்.
2. பலதுறை மருந்தகத்திலோ முகாம் மருத்துவரிடமோ காட்டுங்கள். எவ்வளவு நடந்தீர்கள், எப்போது கூட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.
3. வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். வலி மறையும், விரிசல் மறையாது.
4. காவடிக்கு வெறுங்கால் பயிற்சியைச் சில வாரம் முன்பே, கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் பொதுவாக ஆறு முதல் எட்டு வார ஓய்வில் எலும்பு கூடிவிடும். "நேர்ந்துக்கிட்டேனே, விட முடியுமா?" என்று கேட்பீர்கள். விட வேண்டாம், தள்ளி வையுங்கள். முருகன் அடுத்த தைப்பூசத்திலும் அங்கேயேதான் இருப்பான். நீங்கள் நடந்து போகக் கால் வேண்டும்.