பால்மானி ஒன்றே சாட்சியாகுமா?

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டில், மழை பொய்த்து மானாவாரி வெள்ளாமை கைவிட்ட வருஷத்திலும் குடியானவனுக்குக் கைச்செலவுக்குப் பணம் தருவது கறவை மாடேயாகும். சங்கத்தில் பால் ஊற்றும் அங்கத்தினர்மீது, "ஜலம் கலந்தவர்" என்ற பெயர் விழுமாயின், விலையோடு மானமும் போகும். ஆகவே பால் பரிசோதனையின் முறையை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

பால்மானி பாலின் அடர்த்தியை அளப்பது. சுத்தமான பசும்பாலில் அது சாதாரணமாக 28 முதல் 32 வரை காட்டும். ஜலம் சேர்ந்தால் எண் இறங்கும். கொழுப்போ ஜலத்தினும் இலேசானது. ஆகையால் ஆடையை எடுத்துவிட்டால் எண் ஏறும். பிறகு அளவறிந்து ஜலம் வார்த்தால் எண் பழைய இடத்திலேயே வந்து நிற்கும். வஞ்சகன் தப்பும் வழி இதுவே.

நேர்மையானவன் அகப்படுவதும் உண்டு. கறந்த சூடும் நுரையும் அடங்குமுன் அளந்தால் எண் தாழ்ந்து காட்டும். கோடையில் வெறும் சோளத்தட்டையைத் தின்று மெலிந்த மாட்டின் பாலிலும் கொழுப்பல்லாத சத்துக் குறையும்.

ஆதலின் சங்கத்தார் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. பாலை நன்கு கலக்கி, நுரை அடங்கியபின், கருவியில் குறித்துள்ள உஷ்ணநிலையில் அளக்கவும்.

2. கொழுப்பைத் தனியே சோதிக்கவும். கெர்பர் முறையில் கந்தகத் திராவகம் 10 மில்லிலிட்டர், பால் 10.75, அமைல் ஆல்கஹால் 1 சேர்த்துச் சுழற்றினால் கொழுப்புப் பிரிந்து நிற்கும். திராவகம் தோலைச் சுடுமாதலால் பழகியவரே இதைச் செய்யவேண்டும். பசும்பாலில் நூற்றுக்கு 3.2 கொழுப்பும் 8.3 கொழுப்பல்லாத திடப்பொருளும் இருக்கவேண்டுமென்பது இன்றைய விதி.

3. ஐயம் எழுந்தால், மறுநாள் அதே வேளையில் அம்மாட்டைச் சங்கத்தார் முன்னிலையில் கடைசிச் சொட்டுவரை கறக்கச் செய்து சோதிக்கவும். அப்பாலும் முந்தைய பாலைப் போலவே இருப்பின், குறை தீவனத்தில் உள்ளதேயன்றி மனிதனிடத்தில் இல்லை.

சென்னை மாகாணத்தில் கலப்படத் தடைச் சட்டம் 1918-இலேயே இயற்றப்பட்டது. இப்போது நடைமுறையிலுள்ள 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பங்காக்கப்படுகிறது. வியாபாரி விரும்பினால் ஒரு பங்கை வேறு பரிசோதனைச்சாலைக்கு அனுப்பலாம். குற்றம் சாட்டுமுன் இரண்டாம் சோதனைக்கு இடம் வைத்தல் நமது சங்கங்களுக்கும் உரிய தர்மமாகும்.