ஒருவர் மார்க் எல்லோருக்கும் ஏறுவது ஏன்?

கேள்வி: பைத்தானில் ‘மாணவர்’ என்று கிளாஸ் எழுதி, அதற்குள் ‘மார்க்குகள்’ என்ற காலி லிஸ்ட்டை வைத்தேன். ஒரு மாணவருக்கு 78 சேர்த்தால் எல்லோருக்கும் 78 வருகிறது. பைத்தானில் கோளாறா?

பதில்: பைத்தான் சரியாகத்தான் செய்கிறது. கிளாஸின் உடலில் நேரடியாக எழுதிய லிஸ்ட் ஒரே ஒரு முறைதான் உருவாகும். ‘கவிதா.மார்க்குகள்’ என்று கேட்டால் பைத்தான் முதலில் கவிதா என்ற ஆப்ஜெக்ட்டில் தேடும். அங்கே இல்லையென்றால் கிளாஸில் தேடும். முருகன் என்ற இன்னொரு ஆப்ஜெக்ட்டுக்கும் அதே வழி, அதே லிஸ்ட். அதில் அப்பெண்ட் செய்தால் இருவருக்கும்தான் சேரும்.

ஜாவாவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அங்கே ‘ஸ்டாட்டிக்’ என்று போடாதவரை ஃபீல்டு ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் தனி.

உங்களுக்கு வேண்டியது, இனிட் மெத்தடுக்குள் ‘செல்ஃப்.மார்க்குகள்’ என்று புது லிஸ்ட்டை வைப்பது. அந்த மெத்தட் ஆப்ஜெக்ட் பிறக்கும்போதெல்லாம் ஓடும். ஆளுக்கொரு லிஸ்ட் கிடைக்கும்.

அதற்காகக் கிளாஸின் உடலில் நேரடியாக எழுதும் கிளாஸ் அட்ரிபியூட்டையே ஒதுக்கிவிடாதீர்கள். எல்லோருக்கும் பொதுவான தேர்ச்சி மதிப்பெண் 35 என்றால் அதற்கு இடம் அங்கேதான். மாற்றும்போது ‘மாணவர்.தேர்ச்சி = 40’ என்று கிளாஸ் பெயரைச் சொல்லியே மாற்றுங்கள். ‘கவிதா.தேர்ச்சி = 40’ என்று எழுதினால் கவிதாவிடம் மட்டும் புதிதாக ஒன்று முளைக்கும்; மற்றவர்களுக்கு 35 அப்படியே இருக்கும். எண்ணை வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு லிஸ்ட் சிக்கல் கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

2018-இல் வந்த பைத்தான் 3.7-இன் டேட்டாகிளாஸ், லிஸ்ட்டை டிஃபால்ட்டாகக் கொடுத்தால் ஏற்காமல் எரர் காட்டிவிடும். நல்ல ஏற்பாடு, அதையும் பழகிக்கொள்ளுங்கள்.